படலை முதல் விடைபெறும் வரை: வன்னி வீடுகளில் மரியாதையாகப் பேசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப்பரப்பு என்று வன்னிக் கிராமங்களுக்குள் அலுவலாக வீடு வீடாகப் போகிறவர்களுக்கு இது எழுதப்பட்டது. புதிதாகப் பொறுப்பெடுத்த கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், கணக்கெடுப்புக்கு வரும் மாணவர், தொண்டு நிறுவனப் பணியாளர் எல்லோருக்கும் பொருந்தும்.

இனிக்க இனிக்கப் பேசினால் அது மரியாதை என்று நினைத்து வருகிறவர்கள்தான் இங்கு அதிகம் தடுக்கி விழுகிறார்கள். இந்த மண்ணில் மரியாதை வினைச்சொல்லின் கடைசி எழுத்தில் இருக்கிறது. எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்ற ஒழுங்கிலும் இருக்கிறது. ஒழுங்கு குழம்பினால் நல்ல சொல்லும் எடுபடாது. ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. புறப்பட முன்: நேரம், நாள், மூன்று விசாரிப்பு

காலை 9 மணியிலிருந்து 11.30 வரையும், பின்னேரம் 3.30 இலிருந்து 5.30 வரையும் போகலாம். 8 மணிக்கு முன்னர் வீட்டில் முற்றம் கூட்டுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று ஆயிரம் வேலை. மதியம் 12 இலிருந்து 2 வரை போனால், வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் விட வீட்டுக்காரருக்கு மனம் வராது. பானையில் இருப்பது வீட்டாருக்கு மட்டும் காணுமான (போதுமான) சோறாக இருந்தால் அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். 6 மணி விளக்கு வைக்கிற நேரம், அப்போது அலுவல் பேசக்கூடாது.

காலபோக (மாரி மழைப் பெரும்போக) நெல் அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் பகலில் வயற்கரைக் கிராமங்களுக்குப் போவதால் பயனில்லை. வெட்டு மெஷின் வயலில் நிற்கும்போது எவரும் உங்களுக்காக வீட்டில் இருக்கமாட்டார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல் நாளில் முல்லைத்தீவுப் பக்கம் அலுவல் வைக்காதீர்கள். மே 18 அன்று எந்த ஊரிலும் வைக்காதீர்கள். அன்று, 2009 இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சும் வீட்டில் படிவத்தோடு போய் நின்றால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த வணக்கமும் அங்கே ஏறாது.

ஊருக்குள் இறங்கமுன் விதானையாரிடமோ (கிராம அலுவலரிடமோ), மாதர் சங்கத் தலைவியிடமோ மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் அண்மையில் செத்த வீடு நடந்தது, எந்த வீட்டில் காது கேளாதவரோ படுக்கையில் இருப்பவரோ இருக்கிறார், எந்த வீட்டில் காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்றும் தெரியாமல் போவதால்தான் பெரிய பிழைகள் நடக்கின்றன. 8ஆம், 11ஆம் படிகளில் ஏனென்று விளங்கும்.

2. வினையின் வாலைச் சரிசெய்யுங்கள்

இதுதான் அத்திவாரம். ஈழத்துப் பேச்சில் முன்னால் நிற்பவரை விளிக்க மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். வினையும் அதற்கேற்ப மாறும்.

வா, வாரும், வாங்கோ
இரு, இரும், இருங்கோ
சொல்லு, சொல்லும், சொல்லுங்கோ
தா, தாரும், தாங்கோ
வந்தனி, வந்தனீர், வந்தனீங்கள்
உன்ரை, உம்மடை, உங்கடை

அந்நியரான வளர்ந்த ஆள் எவரானாலும் மூன்றாவது படி. வயது, உடுப்பு, வீடு, தொழில், சாதி, படிப்பு எதையும் பார்த்து இறங்கக்கூடாது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு 'வாரும்', ரீச்சருக்கு 'வாங்கோ' என்று பிரித்துப் பேசும் பழக்கம் எங்கள் சமூகத்தில் நீண்டகாலம் இருந்தது. வயதுபோனவர்களைப் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிட்ட காலத்தை இன்னும் மறக்காத குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படியான வீட்டில் நீங்கள் வாய் தவறிச் சொல்லும் ஒரு 'இரும்', நீங்கள் நினைத்ததைவிடப் பத்து மடங்கு சொல்லிவிடும்.

'நீர்' என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கில் கணவன் மனைவிக்கிடையில், ஒத்த வயதுச் சிநேகிதருக்கிடையில் அது இதமான சொல். கந்தோரில் (அலுவலகத்தில்) மேலதிகாரி கீழே வேலை செய்பவருக்குச் சொன்னால் அது தட்டு வைக்கும் சொல். வீட்டுக்கு வந்த அந்நியர் சொன்னால் இரண்டாவது பொருள்தான் காதில் விழும்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சில் 'நீர்' இல்லவே இல்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்தன. மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் 'நீங்க, வாங்க, சொல்லுங்க' என்றுதான் கேட்பீர்கள். அங்கே 'வாங்கோ' சொல்லலாம், விளங்கும், மரியாதையாகவே கேட்கும். அவர்களின் பேச்சை நடித்துப் பேசத்தான் கூடாது. 'தோட்டக்காட்டார்' என்று அவர்களை இழிவாகச் சொல்லும் சொல் உங்கள் வாயில் எந்தச் சந்தர்ப்பத்திலும் வரக்கூடாது, அவர்கள் இல்லாத இடத்திலும்.

அதிகம் நடக்கும் பிழை, நடுவழியில் இறங்குவது. இப்படித்தான் நடக்கும்:

"அம்மா, வாங்கோ, இருங்கோ. உங்கடை பேர் என்ன? எத்தினை பிள்ளையள்? அடையாள அட்டையைக் காட்டும். இஞ்சை கையெழுத்துப் போடும்."

முதல் மூன்று வசனமும் நல்லது. அலுவல் சூடுபிடித்ததும் 'காட்டும்', 'போடும்' என்று வால் சுருங்கிவிட்டது. பேசியவருக்கு அது தெரியாது, கேட்டவருக்குத் தெரியும். வந்தபோது காட்டிய மரியாதை கதவு திறக்க மட்டும்தான் என்று அவர் எடுத்துக்கொள்வார். இதைத் தவிர்க்க ஒரே வழி, உங்கள் படிவத்தின் கேள்விகள் எல்லாவற்றையும் முதல்நாளே '-ங்கோ' போட்டுப் பேச்சு வசனமாக எழுதி, வாய்விட்டு ஐந்து தடவை சொல்லிப் பார்ப்பது. கடைசிப் பக்கத்துக் கேள்விகளை இன்னும் கூடச் சொல்லிப் பாருங்கள், களைப்பில் வால் சுருங்குவது அங்கேதான்.

படர்க்கையிலும் கவனம் வேண்டும். வளர்ந்த பெண்ணை 'அவா' என்று சொல்லுங்கள், 'அவள்' என்று சொன்னால் குறைத்த மாதிரி. ஆணை 'அவர்'. பலரைச் சொல்லும்போது 'அவை வருவினம்' என்பது இங்கே மரியாதையான வழக்குத்தான், வெளியிடத்தார் அதை அஃறிணை என்று நினைத்துப் பதறத் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி 'உவர் ஆர்?' என்று கேட்காதீர்கள். அந்த 'உ' அலட்சியமாகக் கேட்கும். 'இவர் ஆர் அம்மா?' என்று கேளுங்கள்.

தமிழ் படித்துக்கொண்டு வரும் சிங்கள உத்தியோகத்தர் 'நீ எங்கை இருக்கிறாய்' என்று கேட்டால் ஊர் சிரித்துப் பொறுத்துக்கொள்ளும், ஒரு புதுமொழியைப் பழகும் முயற்சி என்று தெரியும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அந்தச் சலுகை இல்லை.

3. முறைப்பெயரைத் தேர்ந்தெடுங்கள்

வெறும் பெயரால் எவரையும் கூப்பிடக்கூடாது. பட்டியலில் உள்ள பெயரைச் சத்தமாக வாசித்து 'இது ஆர்?' என்று கேட்பது நிவாரண வரிசையை நினைவூட்டும். பெயரோடு முறையைச் சேர்த்து, '... அம்மா நிக்கிறாவோ?', '... அண்ணை நிக்கிறாரோ?' என்று கேளுங்கள்.

உங்களைவிட மூத்த ஆண் என்றால் அண்ணை, இன்னும் மூத்தவர் ஐயா. மூத்த பெண் அக்கா, இன்னும் மூத்தவர் அம்மா. இளையவர்கள் தம்பி, தங்கச்சி. இளையவரானாலும் வினை '-ங்கோ'தான்: "தம்பி, சொல்லுங்கோ."

தடுமாற்றம் வரும் இடம் 'ஆச்சி', 'அப்பு'. வெயிலும் அலைச்சலும் பட்ட முகத்தை வைத்து வயதை மதிக்காதீர்கள். வன்னியில் 50 வயதுப் பெண்ணை 65 என்று நினைத்து 'ஆச்சி' என்று கூப்பிட்டுவிட்டுப் பிறகு அடையாள அட்டையைப் பார்த்து முழிக்கும் புதியவர்கள் ஏராளம். அம்மா, ஐயா என்றால் எந்த வயதிலும் பிழைக்காது. பேரப்பிள்ளைகள் அவரை ஆச்சி என்று கூப்பிடுவதைக் கேட்ட பிறகு நீங்களும் சொல்லலாம்.

'பிள்ளை', 'மோனை', 'ராசா' எல்லாம் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்வது. அவர்கள் உங்களைச் சொன்னால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்லாதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு 'நீ' சொல்லலாம். ஆனால் பல வீடுகளில் தாய்மாரே குழந்தையை 'வாங்கோ ராசா, சாப்பிடுங்கோ' என்றுதான் கூப்பிடுவார்கள், பிள்ளை அதைக் கேட்டுத்தான் பழகும் என்பதற்காக. அந்த வீட்டில் நீங்கள் 'இஞ்சை வா' என்றால் தாயின் வளர்ப்பைக் கெடுத்த மாதிரி.

நீராவிப்பிட்டி போன்ற முஸ்லிம் கிராமங்களில் மூத்த ஆணை நானா என்று கூப்பிடலாம். 1990 ஒக்ரோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டு, நீண்டகாலத்துக்குப் பிறகு திரும்பிய குடும்பங்கள் அங்கே உண்டு. 'நீங்கள் எந்த இடம்?' என்று கேட்பதுகூட 'இது உங்கடை இடம் இல்லை' என்பதுபோல் அவர்களுக்குக் கேட்கக்கூடும். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லையென்றால் கேட்காதீர்கள்.

4. படலையில்

மோட்டார் சைக்கிளைப் படலைக்கு (வளவின் வாசற்கதவுக்கு) கொஞ்சம் தள்ளி நிறுத்தி இறங்குங்கள். ஹோர்ன் அடிக்கக்கூடாது. ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றுங்கள். முகம் தெரியாமல் வாசலில் வந்து நின்றவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும் ஆட்கள் இந்த வீடுகளில் இருக்கிறார்கள்.

படலை திறந்திருந்தாலும் உள்ளிடாதீர்கள். வெளியே நின்று, "வீட்டிலை ஆரும் நிக்கிறியளோ? அம்மா! ஐயா!" என்று இரண்டு தடவை கூப்பிடுங்கள். பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது பெரிய பிழை. பல வளவுகளில் கிணறு வீட்டுக்குப் பக்கத்தில், மறைப்பில்லாமல் இருக்கும். குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டிருக்கும் பெண், உங்கள் குரல் கேட்டு உடுப்பு மாற்ற ஒரு நிமிடம் வேண்டும். அதுவரை முகத்தை வீதிப் பக்கம் திருப்பி நில்லுங்கள். நீங்கள் அப்படி நின்றதை அவர் உள்ளிருந்து பார்ப்பார், உங்களைப் பற்றிய முதல் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

பதில் வந்ததும், "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேளுங்கள். 'வாங்கோ' என்ற பிறகுதான் கால் எடுத்து வைக்கலாம். வீட்டில் பெண் தனியாக நிற்கிறார் என்று தெரிந்தால், ஆண் உத்தியோகத்தர் முற்றத்திலோ மரநிழலிலோ நின்றே அலுவலை முடிக்கவேண்டும். அயலார் பார்க்கக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும். பேச்சுக்கு ஆளாகப் போவது அவர்தான், நீங்கள் இல்லை.

5. கதிரையும் தேத்தண்ணியும்

செருப்பைப் படிக்கு வெளியே கழற்றுங்கள். 'பரவாயில்லை, போட்டுக்கொண்டு வாங்கோ' என்றாலும் கழற்றுங்கள்.

வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் கதிரைதான் இருக்கும், அதைத் துடைத்து உங்களுக்குத் தருவார்கள். வயதானவர் நின்றுகொண்டிருக்க நீங்கள் இருந்தால் பிழை. "ஐயா, நீங்கள் இருங்கோ, நான் வாங்கிலை இருக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால், "அப்ப பாயைப் போடுங்கோ, எல்லாரும் இருப்பம்" என்று சொல்லுங்கள். எல்லோரும் ஒரே மட்டத்தில் இருந்தால் பேச்சும் இலகுவாக வரும். கால்மேல் கால் போடவேண்டாம்.

தண்ணீரோ தேத்தண்ணியோ தந்தால் குடியுங்கள். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுப்பது இந்தச் சமூகத்தில் சாதி பார்த்தவர்கள் செய்த வேலை. நீங்கள் சுகாதாரத்தை நினைத்து மறுத்தாலும், பத்தாவது வீட்டில் வயிறு நிறைந்து மறுத்தாலும், அந்தப் பழைய காயம்தான் தட்டுப்படும். 'வேண்டாம்' என்று வெட்டிச் சொல்லாமல், "இப்பதான் அடுத்த வீட்டிலை குடிச்சிட்டு வாறன், குறை நினையாதேங்கோ, ஒரு வாய் தண்ணி தாங்கோ" என்று சொல்லி வாங்கி, முன்னால் குடியுங்கள். சீனி வருத்தம் என்றால் தேத்தண்ணி போட முன்னரே சொல்லுங்கள், போட்டபின் சொன்னால் ஒரு பிளேன்ரீயும் சீனியும் வீண். மேலே ஊற்ற வந்தால் 'காணும்' என்று சொல்லுங்கள்.

எதையும் வலது கையால் வாங்குங்கள், பெரியவர் தந்தால் இரண்டு கையாலும்.

6. வந்த அலுவலைச் சொல்லும் ஒழுங்கு

இருந்ததும் பையைத் திறந்து படிவத்தை எடுக்கக்கூடாது. முதலில் ஒரு சுகம் விசாரிப்பு: "எப்பிடிச் சுகமா இருக்கிறியளோ? மழை தண்ணி எப்பிடி இந்தப் பக்கம்?" பதிலை முழுமையாகக் கேளுங்கள். குளத்தில் தண்ணி, வயல், யானை வந்த கதை எது வந்தாலும் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள்.

பிறகு இந்த ஐந்தையும் இதே வரிசையில் சொல்லுங்கள்: நான் ஆர், எந்தக் கந்தோரிலிருந்து வாறன், ஏன் வந்தனான், எவ்வளவு நேரம் எடுக்கும், இதால் உங்களுக்கு என்ன கிடைக்கும் அல்லது கிடைக்காது.

ஐந்தாவதை மறைப்பவர்கள்தான் அதிகம். ஒன்றும் கிடைக்காது என்றால் அதையும் சொல்லுங்கள்: "இது கணக்கெடுப்பு மட்டும்தான் அம்மா, இதாலை வீடோ உதவியோ வாறதெண்டு நான் சொல்லேலாது." போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரைக்கும் அதற்குப் பிறகும் இந்த மக்கள் எத்தனையோ தடவை பதியப்பட்டவர்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ வரும் என்று நினைத்துப் பெயர் கொடுத்தவர்கள். உண்மையை முதலே சொல்வது அவர்களுக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை. பொய் நம்பிக்கை கொடுத்தால், அடுத்த முறை அந்தப் படலைக்கு வரும் உங்கள் சக உத்தியோகத்தர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

கடைசியாக, "இப்ப கதைக்க ஏலுமோ, இல்லாட்டி வேறை நேரம் வரட்டோ?" என்று கேளுங்கள். 'வேறை நேரம்' என்றால் முகம் சுளிக்காமல் நாள் குறித்துக்கொண்டு எழும்புங்கள்.

7. கேள்வி கேட்கும் முறை

'தயவுசெய்து' என்பது கடிதச் சொல். பேச்சில் அந்த வேலையைச் செய்வது 'ஒருக்கா' என்ற சொல்லும், '-வன்' என்ற ஒட்டும்: "அட்டையை ஒருக்கா காட்டுங்கோவன்." "கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோவன்." இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் கட்டளை எல்லாம் கேட்பாக மாறிவிடும்.

படிவத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று இருக்கும். அதை அப்படியே கேட்டால், கணவர் இல்லாத பெண் தடுமாறுவார். "தலைவரெண்டு ஆரின்ரை பேரைப் போடுறது அம்மா?" என்று கேளுங்கள். அவர் விரும்பிய பெயரை அவர் சொல்வார்.

பழைய ஆட்களில் கணவரின் பெயரை வாயால் சொல்லாத அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். ஒரு தடவை கேட்டு அவர் சிரித்துவிட்டோ குனிந்துகொண்டோ இருந்தால் மறுபடி கேட்கவேண்டாம். "அட்டை இருந்தால் தாங்கோ, நான் பார்த்து எழுதுறன்" என்று சொல்லுங்கள், அல்லது பேரப்பிள்ளையிடம் கேளுங்கள்.

வருமானத்தை மாதக் கணக்கில் கேட்டால் கமக்காரரிடமிருந்து சரியான பதில் வராது, போகத்துக்குப் போகம் உழைக்கிறவரிடம் மாதச் சம்பளம் கேட்பது அவர் வாழ்க்கையைத் தெரியாமல் கேட்பது. "போன காலபோகம் எத்தினை ஏக்கர் செய்தனீங்கள்? எத்தினை மூட்டை கண்டது?" என்று கேட்டுக் கணக்கை நீங்கள் போடுங்கள்.

கடன், அடகு, நோய் பற்றிய கேள்விகளை அயலவர் நிற்கும்போது கேட்காதீர்கள். கிழமைக் கடன் கட்டும் பெண்கள் அதை வீட்டாருக்கே முழுமையாகச் சொல்லாமல் இருக்கலாம். அந்தக் கேள்விகளைத் தள்ளி வைத்து, ஆட்கள் போனபின் மெதுவாகக் கேளுங்கள்.

பதில் சொல்லும்போது போனைப் பார்க்காதீர்கள். கைப்பேசியில்தான் பதிகிறீர்கள் என்றால் முதலே சொல்லிவிடுங்கள்: "இதிலைதான் எழுதவேணும், அதுதான் பாக்கிறன், குறை நினையாதேங்கோ."

பெரியவர் கூப்பிட்டால் 'ம்', 'என்ன' என்று திரும்பாமல், 'ஓம் ஐயா, சொல்லுங்கோ' என்று திரும்புங்கள்.

8. இழப்புள்ள வீடுகளில் சொல்லும், சொல்லாமல் விடவேண்டியதும்

இந்தப் படியில் அவசரம் கூடாது. வன்னியில் இழப்பில்லாத வீடு அரிது. உங்கள் வாயில் வரும் ஒரு சொல், அந்த வீடு வருடக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கையை மறுத்துவிடலாம்.

'காணாமல் போனவர்' என்று சொல்லாதீர்கள். 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்பதுதான் உறவுகள் கேட்கும் சொல். தானாகத் தொலைந்தார் என்ற பொருள் முதலாவதில் இருக்கிறது, வேறொருவர் செய்தார் என்பது இரண்டாவதில் இருக்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு இந்த ஒரு சொல் வித்தியாசம் உயிரானது.

அப்படியான வீட்டில் இறந்தகால வினையும் ஆபத்து. 'மகன் என்ன செய்தவர்?' என்று கேட்டால், முடிந்துபோன ஆளைப் பற்றிக் கேட்ட மாதிரி. 'மகனுக்கு இப்ப எத்தினை வயசு வரும்?' என்று தாய் சொல்கிற காலத்திலேயே நீங்களும் பேசுங்கள். 'மரணச் சான்றிதழ் எடுத்தாச்சோ?' என்று கேட்கவே கூடாது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெற 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. அலுவலுக்கு அவசியம் என்றால், "பதிவு ஏதும் செய்து வைச்சிருக்கிறியளோ?" என்று பொதுவாகக் கேட்டு, எந்தப் பத்திரத்தை எடுத்து வருகிறார் என்று பாருங்கள். எடுத்து வருவதுதான் அவரது பதில்.

கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணை 'விதவை' என்று எழுதவோ சொல்லவோ கூடாது. பொட்டு வைத்திருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்பதும் கூடாது.

இறந்தவர் என்று வீட்டாரே சொன்னால், 'செத்தவர்' என்ற சொல்லை விடுங்கள். 'மோசம் போனவர்', 'தவறிப்போனவர்', 'காலமானவர்' என்று சொல்லலாம். அவர்கள் எந்தச் சொல்லைப் பாவிக்கிறார்களோ அதையே திருப்பிப் பாவிப்பது இன்னும் நல்லது.

கால், கை இழந்தவரிடம் 'என்ன நடந்தது?' என்று கேட்காதீர்கள். படிவத்துக்குத் தேவையானது இப்போது என்ன வசதி வேண்டும் என்பதுதான். 'நொண்டி', 'குருடு' போன்ற சொற்கள் பகிடிக்கும் வரக்கூடாது. 'அதிலை இருந்தனியளோ?' என்று இயக்கத்தை (விடுதலைப் புலிகளை) பற்றிக் கேட்பது உங்கள் வேலை இல்லையென்றால் கேட்காதீர்கள். சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி 'இது ஆர்?' என்று தொடங்குவதும் அதே கேள்விதான்.

அழத் தொடங்கினால் 'அழாதேங்கோ' என்று சொல்லவேண்டாம். பேனையை மூடி வையுங்கள். தண்ணீர் கிட்ட இருந்தால் எடுத்துக் கொடுங்கள். அவர் கண்ணைத் துடைத்து உங்களைப் பார்க்கும் வரை பேசாமல் இருங்கள். பிறகு, "இண்டைக்குக் காணும் அம்மா, மிச்சத்தை வேறை நாள் பாப்பம்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். தொடர்வதா விடுவதா என்று அவர் தீர்மானிக்கட்டும்.

9. 'இல்லை' என்று சொல்லவேண்டி வந்தால்

கேட்ட உதவி உங்கள் கையில் இல்லாதபோது, 'பாப்பம்' என்று சொல்லித் தப்புவது வழக்கம். அந்த 'பாப்பம்' அவரைக் கந்தோருக்கு மூன்று தடவை பஸ் ஏற்றும். துணுக்காய்ப் பக்கத்து உள் கிராமத்திலிருந்து கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வந்து போவது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது.

முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், விளங்கிக்கொண்டீர்கள் என்று தெரியட்டும். பிறகு காரணம். பிறகு இல்லை என்பது. பிறகு வேறு எங்கே போகலாம் என்பது. "மலசலகூடம் இடிஞ்சதெண்டு சொல்லுறியள், விளங்குது ஐயா. இந்தத் திட்டம் புது வீட்டுக்கு மட்டும்தான், அதாலை இதிலை போடேலாது. பிரதேச செயலகத்திலை ஒரு கடிதம் குடுத்துப் பாருங்கோ, எழுதத் தெரியாட்டி நான் எழுதித் தாறன்." 'இல்லை'யை முதலில் சொன்னால் காரணம் காதில் ஏறாது.

10. பிழை விட்டால்

வால் சுருங்கிவிட்டது, முறை தவறிவிட்டது என்று தெரிந்த உடனேயே திருத்துங்கள். "போடும்... குறை நினையாதேங்கோ அம்மா, போடுங்கோ." அவ்வளவுதான். நீண்ட விளக்கம் சொன்னால் அவர் உங்களை ஆறுதற்படுத்த வேண்டி வரும். மறைத்துக்கொண்டு போனால் அது அங்கேயே தங்கிவிடும்.

பிழை பெரியது என்றால், உதாரணமாகக் காத்திருக்கும் தாயிடம் 'செத்திட்டாரோ' என்று கேட்டுவிட்டீர்கள் என்றால், அன்றைய அலுவலை அதோடு நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்டு எழும்பி, இன்னொரு நாள் ஊரில் மதிப்புள்ள ஒருவரோடு படிவம் இல்லாமல் போங்கள்.

11. விடைபெறுதல்

எழுதியதைச் சுருக்கமாக வாசித்துக் காட்டுங்கள். தன் பெயரில் என்ன எழுதப்பட்டது என்று அறிவது அவரது உரிமை, எழுத்துப் பிழையும் அங்கேதான் பிடிபடும். கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைப்பவருக்கு, மையைத் துடைக்க ஒரு துண்டுத் துணியை நீங்களே கொண்டு போங்கள். தன் சீலைத் தலைப்பில் அவர் துடைக்கவேண்டி வரக்கூடாது.

'நன்றி' என்பதோடு, "பெரிய உபகாரம் அம்மா, நேரம் எடுத்துக் கதைச்சதுக்கு" என்று சொன்னால் மனதில் ஏறும். "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்று சொல்லுங்கள். 'போய் வாங்கோ' என்று அவர் சொல்லும் வரை முதுகைக் காட்டாதீர்கள். வீட்டார் எங்கேயாவது புறப்பட்டு நின்றால் 'எங்கை போறியள்?' என்று தடுத்துக் கேட்பது சகுனப் பிழை என்று நினைப்பார்கள், 'தூரமோ?' என்று கேட்டால் காணும்.

செத்த வீட்டில் இந்த ஒழுங்கு மாறும். அங்கே வணக்கமும் இல்லை, 'வாங்கோ'வும் இல்லை, 'போட்டு வாறன்' அறவே இல்லை. இறந்தவருக்காகச் செய்யும் நிறைவுக் கிரியையான அந்தியேட்டி முடியும் வரை அலுவல் பேசாதீர்கள். போனால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சொல்லாமல் எழும்பி வாருங்கள்.

அடுத்த கிழமை போன் பண்ணுவதாகச் சொன்னால் நாளையும் நேரத்தையும் அவர் முன்னாலேயே எழுதுங்கள். போனில் 'ஆர் பேசுறது?' என்று அதட்டித் தொடங்காமல், உங்கள் பெயரையும் கந்தோரையும் முதலில் சொல்லுங்கள், முகம் தெரியாத இடத்தில் '-ங்கோ' இன்னும் தெளிவாகக் கேட்கவேண்டும்.

வெளியே வந்ததும் படலையைப் பாருங்கள். திறந்து கிடந்ததைத் திறந்தபடி விடுங்கள், கயிறு போட்டிருந்ததைக் கயிறு போட்டு விடுங்கள். கட்டாக்காலி மாடு ஒன்று உள்ளிட்டால், பின்வளவில் நட்ட மிளகாய்க் கன்று ஒரே இரவில் போய்விடும்.